வடித்த தண்ணீர்

இரண்டு மைல் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வார் காலுக்குள் புதைந்துவிட்டது. போன மாதம் தொளதொளவென்று இருந்த செருப்பு. மரம் வெட்டும் முகாமில் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. சொன்னால் மேஸ்திரி இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பார். மூன்று வாரம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. படகு பிடிக்க ரங்கத் ஜெட்டிக்கு இன்னும் ஐந்து மைல் இருந்தது. பாதையெல்லாம் யானைகள் மரம் இழுத்துப் போன பள்ளம், மாசி வெயிலில் காய்ந்து காலைக் குத்தியது. நூறு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினேன். நடப்பதற்கு நான் சளைத்தவன் இல்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வரைக்கும் பாதி வழி நடந்தே வந்தவன். அதனால்தான் அன்று எனக்கே புரிந்தது, இது கால் வலி இல்லை என்று.

காலையில் முகம் ஊதியிருக்கும். சாயங்காலம் அது காலுக்கு இறங்கிவிடும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. வாயில் ஆணியைச் சப்பிய மாதிரி ஒரு ருசி. முகாமில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட வைத்தியம் இளநீர். "நாலு காய் குடி, நீர் பிரிஞ்சிடும்" என்றார்கள். தினமும் நாலு குடித்தேன். கூடவே முகாம் சாப்பாடு: சேனைக்கிழங்கு, வாழைக்காய், மறுபடி சேனைக்கிழங்கு. இதெல்லாம் உடம்புக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். இதைப் படிக்கிற நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன், டாக்டர் பாஷையில் எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மறுநாள் காலை படகு சாத்தம் துறையில் அணைந்தது. துறையையும் ஊரையும் சேர்க்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் சுல்தான் பாய் ஒரு சாப்பாட்டு மெஸ் வைத்திருந்தார். கீழக்கரைப் பக்கத்துக்காரர். மர மில் தொழிலாளிகள் நாற்பது பேர் அவரிடம் மதியச் சாப்பாடு. நான் முதன்முதலில் தீவுக்கு வந்தபோது அவருக்குச் சில மாதம் மூட்டை இறக்கியிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னாப்பா சங்கிலி, ஊதிப்போய் வந்திருக்க? காட்டுல கறியும் மீனுமா?"

"காலைப் பாருங்க பாய்."

பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பெஞ்சில் காத்திருந்தது பாதி நாள். பிறகு கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார்கள். அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துத் திரிந்தது. என் உடம்பில் இருக்கவேண்டிய சத்து வெளியே ஒழுகிப் போகிறது என்பதற்கு அது அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கையிலும் காலிலும் நெஞ்சிலும் கம்பி மாட்டி, ஒரு நீளக் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். அன்றைக்கே படுக்கை கிடைத்துவிட்டது.

டாக்டர் வங்காளி. என்னிடம் ஹிந்தியில் பேசினார். எனக்குப் புரியாத இடத்தை வார்டு சிஸ்டர் தமிழில் சொன்னாள். அவள் கோட்டயத்துப் பெண். நர்ஸாக இருப்பதை விட வாத்தியாராக இருந்திருக்கலாம்.

"இங்கே நோக்கு சங்கிலி. முதுகுல ரெண்டு பக்கமும் சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கு, கிட்னி. ரத்தத்துல உள்ள அழுக்கையும் மிச்ச உப்பையும் வடிச்சு மூத்திரத்துல தள்ளும். உன்னோடது முக்கால்வாசி போயாச்சு."

"எப்ப போச்சு?"

"இன்னைக்கு நேத்து அல்ல. வருஷக்கணக்கா. பிரஷர் கூடிக் கூடி. நீ எங்க நின்னு பாத்தே, நடந்துட்டே இருந்தா?"

"திரும்ப வருமா?"

"வராது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தணும்."

இவ்வளவு நேராகச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொல்லவேண்டும். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் எது போயிற்று, எது மிச்சம் என்று தெரிந்துவிட்டால் எனக்கு ஒரு தைரியம் வந்துவிடும். எத்தனையோ ஊரில் மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

நாம் போடுகிற உப்பு ஒன்று. அதை நிறுத்தச் சொன்னார்கள். அதைவிட ஆபத்தானது நாம் போடாத உப்பு. பொட்டாசியம் என்று பெயர். காய், கீரை, கிழங்கு, பழம், இளநீர் எல்லாவற்றிலும் இயற்கையாகவே இருக்கிறது. கிட்னி நன்றாக இருப்பவனுக்கு அது நல்லது. மிச்சத்தைத் தள்ளிவிடும். என்னைப் போன்றவனுக்கு அது ரத்தத்திலேயே தங்கி, நெஞ்சைத் திடீரென்று நிறுத்திவிடும். அந்த உப்பை நேராக அளக்கிற மெஷின் அப்போது அங்கே இல்லை. நெஞ்சுக் கோடுதான் சாட்சி. உப்பு ஏறினால் கோட்டில் வரும் ஒரு அலை கூடாரம் மாதிரிக் கூராக நிமிர்ந்து நிற்கும். எனக்கு வரிசையாகக் கூடாரம் அடித்திருந்தது.

நாலு இளநீர், இரண்டு வேளை சேனை. யார் அடித்த கூடாரம் என்று கேட்க வேண்டியதில்லை.

ஊசி போட்டு அந்த உப்பை இறக்கினார்கள். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று தம்ளர், கஞ்சி, காப்பி எல்லாம் அதற்குள். முதல் வாரம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கென்று உப்பில்லாத சோறும் வேகவைத்துப் பிழிந்த சுரைக்காயும் தனியாக எடுத்து வைத்தார்கள். நனைத்த துணியைத் தின்பது போலிருக்கும். ஆனால் கோடு நன்றாக இறங்கியது. நான்தான் இறங்கவில்லை, அதாவது சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவேன்.

அப்போது பாயின் மனைவி ஆமினா லாத்தா பார்க்க வந்தார். லாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. எனக்கும் அக்கா வயதுதான். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேரே சிஸ்டரிடம் போனார்.

"இத நாய் திங்குமா? எப்புடி ஆக்கணும்னு சொல்லுங்க, நான் ஆக்கித் தாரேன்."

சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாள். நான் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தோல் சீவு. பொடியாக நறுக்கு. நறுக்கியதைக் கழுவி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போடு. அந்தத் தண்ணீரை வடி. வேறு தண்ணீர் நிறைய ஊற்றி வேகவை. அதையும் வடி. அதற்குப் பிறகு தாளி. உப்பு கிடையாது. லாத்தா ஒவ்வொன்றாக விரலை மடக்கித் திருப்பிச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மறுநாளிலிருந்து தூக்குச்சட்டி வந்தது. பாய் கொண்டுவருவார், இல்லாவிட்டால் மில்லுக்கு வரும் யாராவது. சோறு, பொடியாக நறுக்கிய புடலங்காயோ பீர்க்கங்காயோ, சீரகமும் வெங்காயமும் தாளித்தது. கூடவே ஒரு சின்னக் கிண்ணம் நிறைய ரசம். லாத்தா வீட்டில் அதற்குப் புளியாணம் என்று பெயர். உப்பில்லாமலே மிளகும் பூண்டும் தூக்கலாக இருக்கும். எனக்கு நாக்கு திரும்பி வந்தது. நான் அந்த ரசத்தை என் தண்ணீர்க் கணக்கில் சேர்த்து, தண்ணீருக்குப் பதிலாக அதையே மூன்று வேளையும் குடித்தேன்.

தூக்குச்சட்டி வரத் தொடங்கிய எட்டாம் நாள் கோடு எடுத்தார்கள். மறுபடி கூடாரம்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே மூன்று இளநீர்க் கூடு கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் பிஸ்வாஸ் என்று ஒரு வங்காளி விவசாயி. குடியேற்றக் கிராமத்திலிருந்து அவருடைய மகன்கள் வாரம் தவறாமல் இளநீர் கொண்டுவருவார்கள். கால் எலும்பு முறிந்தவர், அவருக்குத் தடையில்லை.

"ஜூட் மத் போலோ" என்றார் டாக்டர். பொய் சொல்லாதே. "நீ குடிக்கிறாய்."

"இல்லை டாக்டர் சாப்."

"அப்படியென்றால் இது எங்கிருந்து ஏறியது? காற்றிலிருந்தா?"

பிஸ்வாஸ் எனக்காகச் சாட்சி சொல்ல எழுந்து உட்கார்ந்தார். "நான் நீட்டினேன், இவன் வாங்கவில்லை" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. நீட்டியது உண்மை என்று ஆகிவிட்டதே.

பொய் சொன்ன எத்தனையோ இடத்தில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். உண்மை சொல்லிப் பொய்யன் ஆனது அதுதான் முதல் தடவை. டாக்டர் கோபக்காரர் இல்லை, அலுத்துப் போயிருந்தார். மறுபடி ஊசிக்கு எழுதினார். "ஊசி இறக்குவதைச் சாப்பாடு ஏற்றுகிறது. திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன். இறங்கவில்லை என்றால் அடுத்த கப்பலில் மெயின்லாண்ட். இங்கே வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது."

மெட்ராஸ் போய்ச் சேர நாலு நாள். கப்பலில் நெஞ்சு நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மெட்ராஸில் எனக்கு யாரும் கிடையாது. இந்தத் தீவில் சோறு போட இரண்டு பேர் இருந்தார்கள்.

சிஸ்டரும் சந்தேகமாகத்தான் பார்த்தாள். நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஆஸ்பத்திரிச் சுரைக்காய் தின்றபோது இறங்கியது. லாத்தாவின் புடலங்காய் தின்றபோது ஏறியது. அப்படியானால் வழி அங்கேதான். யோசித்துக் கண்டுபிடிக்கிற மூளை எனக்கில்லை. போய்ப் பார்த்தால் தெரியும்.

வியாழக்கிழமை காலை டாக்டர் சுற்றி வந்து போனதும், வெளியே போய்வர சிஸ்டரிடம் அனுமதி கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம்" என்றாள். "திரும்பி வரல்லெங்கில் எனக்கு மெமோ. இளநீர் குடிச்சா உனக்குச் சவப்பெட்டி."

பஸ் பிடித்து சாத்தம் போனேன். மெஸ்ஸின் பின்பக்கம் அடுக்களை. தண்ணீர் முறை வைத்து விடுகிற மாதம் அது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வாசலில் டிரம், அண்டா, எண்ணெய் டின் என்று நிரப்பி மூடி வைத்திருந்தார்கள். மூடிகளுக்கு மேலே கல். லாத்தா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"துரத்திட்டாங்களா?"

"இல்ல லாத்தா. நீங்க எனக்கு எப்படி ஆக்குறீங்கன்னு பாக்க வந்தேன்."

"ஏன், ருசியில்லையா?"

"ருசி இருக்கு. அதான் சந்தேகம்."

"போடா. குந்து."

கதவோரம் உட்கார்ந்தேன். எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்திருந்தார். உப்புக் கை பட்டுவிடக் கூடாது என்று கையைக் கழுவிவிட்டுத்தான் அந்தச் சட்டியைத் தொட்டார். கராச்சர்மா கிராமத்திலிருந்து வந்த புடலங்காய், தோலைச் சுரண்டி, விரல் நகம் அளவுக்கு நறுக்கி, காலையிலேயே ஊறப்போட்டிருந்தார். அந்தத் தண்ணீரை வடித்தார். ஒரு பானையில் வடித்தார். புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். வெந்ததும் தட்டை வைத்துச் சாய்த்து, ஒரு சொட்டு விடாமல் வடித்தார். அதே பானையில். காயைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தார். கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினார். மிளகு, பூண்டு நசுக்கிப் போட்டார்.

எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடியது. அது பொட்டாசியம் இல்லை.

"லாத்தா, அது யாருக்கு?"

"உனக்குத்தான். புளியாணம்."

"அந்தத் தண்ணியிலயா?"

"வேற எதுல? சாரம் பூரா இதுலதான எறங்கியிருக்கு. அந்த மலையாளத்துப் பொண்ணு வடி வடிங்குது. வடிச்சிட்டுச் சக்கையத் தின்னா எலும்புந்தோலுமா கெடக்குற புள்ளைக்கு என்னா ஒட்டும்? உப்பு ஒரு கல்லு போடல, அல்லா மேல சத்தியமா."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னாடா சிரிப்பு?"

"லாத்தா, காயில இருக்கற வெசத்த எடுக்கத்தான் வடிக்கச் சொன்னாங்க. நீங்க எடுத்து, பானையில சேத்து, பூண்டு போட்டு எனக்கே குடுத்திருக்கீங்க. ஒரு கல்லு உப்பு போடாம."

கரண்டி அவர் கையில் அப்படியே நின்றது. காயைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"காய்க்கு ஏதுடா வெசம்?"

"எனக்கு வெசம். உங்களுக்குச் சத்து."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "உனக்கு நானே..." என்று தொடங்கினார். எனக்கு அது பொறுக்கவில்லை.

"அதெல்லாம் வேண்டாம் லாத்தா. நீங்க ஆக்கலைன்னா அந்தச் சுரைக்காயத் தின்ன முடியாம பட்டினியிலயே போயிருப்பேன். தண்ணியக் கொட்டிட்டு சோத்தப் போடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் பானையைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போனார். கொட்டவில்லை. கீழே வைத்துவிட்டு நின்றார். இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும் வீட்டில், நல்ல தண்ணீரைத் தரையில் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. அந்தப் பானை என்ன ஆயிற்று என்று நான் அன்றைக்குப் பார்க்கவில்லை.

சிஸ்டரிடம் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாலு நாள் தூக்குச்சட்டியில் ரசம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு எலுமிச்சைத் துண்டு வந்தது. திங்கட்கிழமை கோடு எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். அலைகள் தாழ்ந்து, ஜெட்டிக்குள் இருக்கிற தண்ணீர் மாதிரி இருந்தன. நடந்ததை நான் ஹிந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்து வைத்தார்.

"வடிக்கச் சொன்னோம். வடித்ததை என்ன செய்வது என்று சொல்லவில்லை" என்றார். பிறகு பிஸ்வாஸின் கட்டில் பக்கம் திரும்பி, "உன் இளநீரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். வார்டே சிரித்தது.

இதற்கப்புறம் நாலு வருஷம் ஓடிவிட்டது. மாதம் ஒருமுறை போய் ரத்தமும் கோடும் காட்டிவிட்டு வருகிறேன். கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காயைக் கண்டு பயப்படாதே, காயை விட்டுவிடாதே. எந்தக் காய், எவ்வளவு, எப்படி என்பதுதான் கேள்வி. சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி, கோஸ் என் கூட்டாளிகள். அவையும் அளவோடுதான், வேளைக்கு ஒரு கைப்பிடி. வடித்த காய் என்பதற்காகச் சட்டி நிறையத் தின்றால் வடித்ததற்கு அர்த்தமில்லை. முருங்கைக்கீரை, சேனை, வாழைக்காய், தக்காளி, இளநீர் பக்கம் போவதில்லை. உருளைக்கிழங்கு ஆசை வந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு, பொடியாக நறுக்கி, இரண்டு தண்ணீர் வடித்து, நாலு துண்டு. குழம்பில் இருக்கும் காயை எடுத்துக்கொள்வேன், குழம்பை விட்டுவிடுவேன். இது என் கிட்னிக்குச் சொன்ன அளவு. உன்னுடையதற்கு உன் டாக்டர் வேறு அளவு சொல்லுவார். ஒருவருக்குக் காலில் நீர் என்றால் அவரும் நானும் ஒன்று என்று நினைத்துவிடாதே. முகாமில் எனக்கு இளநீர் கொடுத்தவர்கள் அப்படி நினைத்துத்தான் கொடுத்தார்கள்.

என்னை விடுவித்த நாளுக்கு வருகிறேன். மரைன் ஹில் இறக்கத்தில் நின்று துறைமுகத்தைப் பார்த்தேன். தெற்கே போகும் கப்பல் புகைந்துகொண்டிருந்தது. அங்கே புதிதாகக் காடு திருத்துகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று வார்டிலேயே கேள்விப்பட்டிருந்தேன். கால் வீக்கம் வடிந்திருந்தது, செருப்பு மறுபடி தொளதொளவென்று இருந்தது. ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்லிக்கொண்டு போக மெஸ்ஸுக்குப் போனேன். இந்தத் தடவையாவது சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்று ஒரு எண்ணம்.

"போ" என்றார் லாத்தா. "காட்டு முகாம்ல உனக்குன்னு தனிச் சட்டி வச்சு வடிப்பானுவளா?"

"நானே வடிச்சுக்குவேன்."

"மரம் வெட்டிட்டு வந்து, ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டு. கிழிச்ச."

பாய் கணக்கு நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். "இவளுக்கு முதுகு புடிச்சிருக்குப்பா. நாப்பது பேருக்குக் காய் நறுக்க ஆள் தேடுறோம். பொடியா நறுக்குறது ஒனக்குத் தெரியும்ல?"

"ஒரு நிபந்தனை" என்றார் லாத்தா, என் முகத்தைப் பார்க்காமல். "ஓன் காய் வடிக்கிற தண்ணிய நான் கொட்ட மாட்டேன். என்னால ஏலாது."

அந்தப் பானை அன்று மில்லுக்காரர்களின் பந்திக்குத்தான் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"கொட்டச் சொல்லலையே லாத்தா" என்றேன். "மில்லுக்காரங்களுக்குக் கிட்னி நல்லாத்தான இருக்கு?"

மறுநாள் விடிந்ததும் அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். கூடை நிறையப் பீர்க்கங்காய். முதலில் என் பங்கு, நறுக்கி ஊறப்போட்டேன். பிறகு அவர்கள் பங்கு. பத்து மணிக்கு என் காயை வேகவைத்தேன், இரண்டு தண்ணீரையும் பெரிய பானையில் வடித்தேன். அதோடு பருப்புத் தண்ணீர், புளி, மிளகு, பூண்டு, அவர்களுக்கு வேண்டிய உப்பு. நுரை கூடியதும் இறக்கினேன். ருசி பார்க்கவில்லை.

மில் சங்கு ஊதியது. நாற்பது பேர் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் பந்தியில் ஒரு ஆள் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"யாரு வச்சது?"

"நான்தான்."

"இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்கண்ணே. நீங்க குடிக்கலையா?"

"உங்களுக்காகத்தான் வச்சேன்" என்று சொல்லி, இரண்டு கரண்டியாக ஊற்றினேன்.